பொதியும் வழியும்
மென்பொருள் வழங்குங் கோப்பு வடிவங்கள்: சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

நூலொன்றை மதிப்பிடப் புகுவோர் அதன் பொருளையும் நடையையும் ஆராய்வதோடு அமைவது வழக்கம். அந்நூல் எவ்வாறு கட்டப்பட்டது, எவ்வழியாகப் படிப்போன் கையை அடைந்தது என்பனவற்றைத் திறனாய்வின் எல்லைக்குப் புறம்பானவையாகக் கருதுவோர் பலர். ஆயினும் தமிழ் நூல்களின் வரலாற்றை நோக்குவார்க்கு இக்கருத்து முற்றும் பொருந்தாதென்பது புலனாகும். ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவி நூல்களை வெளியிட்டபோது, ஏட்டிலிருந்த பொருள் மாறவில்லை. அப்பொருள் பயணஞ்செய்யும் வடிவமே மாறியது. வடிவம் மாறவே, படிப்போர் தொகையும் தகுதியும் மாறின.

இக்காலத்தில் மென்பொருள் என்பதும் ஒருவகை நூலே. அது பயன்படுத்துவோனுடைய கணினியிற் குடியேறுவதற்கு ஏதேனுமொரு கோப்பு வடிவில் பொதியப்பட்டு வரவேண்டும். அப்பொதியை ‘நிறுவி’ என்பர். எவ்வடிவிற் பொதிவது என்னும் வினாவைத் தொழினுட்பவியலாளர் தம்முள்ளேயே தீர்த்துக்கொள்கின்றனர். அத்தீர்ப்பின் பயனை அனுபவிப்பவரோ, அவ்வினா எழுந்ததென்பதையே அறியாத தொலைவில் வாழ்வோர். ஆகலின் அத்தொலைவில் நின்று அவ்வடிவங்களை மதிப்பிடுதல் தகும். சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களே ஈண்டு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

இடமும் அதன் இயல்பும்

பலாங்கொடை, பெல்மதுளை, இறக்குவானை, காவத்தை ஆகியவற்றைச் சூழ்ந்தும், எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட ஆகியவற்றைச் சூழ்ந்தும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் பரந்துள்ளன. நுவரெலியாவிற்போலத் தமிழர் இங்குப் பெருந்தொகையாக ஒருங்கே வாழ்கின்றாரல்லர். சிங்களக் கிராமங்களினிடையே சிதறிக் கிடக்கும் இலயன்களில் வாழ்கின்றனர். தோட்டப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயாம். மொழிபற்றிய எவ்வசதியும் இங்குத் தானே வந்து சேர்வதில்லை, தேடிப் பெறப்படவேண்டும்.

கணினியும் அவ்வாறே வந்தது. 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்வழித் தோன்றிய தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவராண்மை, பின்னர் நாடெங்கும் ‘நெனசல’ என்னும் அறிவு நிலையங்களை அமைத்தது. பாடசாலைகளுக்கும் கணினிகள் வழங்கப்பட்டன. கருவி வந்தபின்னும் அக்கருவியிற் பிள்ளையின் மொழி வருவதற்கு மற்றொரு பயணம் எஞ்சியிருந்தது. அப்பயணத்தின் ஊர்தி பெரும்பாலும் இணையமன்று. நகரத்திலிருந்து ஆசிரியர் கொணர்ந்த இறுவட்டும், சட்டைப் பையிலிட்ட பென் டிரைவும், அண்மைக்காலத்திற் கைபேசியுமே. எவ்வடிவம் இவ்வூர்தியில் ஏறிப் பழுதின்றி இறங்குமோ அதுவே இங்கு நல்வடிவம்.

பாமினி கற்பித்த பாடம்

இலங்கைத் தமிழர் பலர் முதன்முதற் கணினியில் எழுதிய தமிழ், ‘பாமினி’ எழுத்துருவில் எழுதிய தமிழாகும். குறியீட்டு முறையென்ற அளவில் அது குறைபாடுடையது. ‘தமிழ்’ என்னுஞ் சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் கொண்ட வரிசையாகவே சேமிக்கப்படும். தமிழின் உருவம் மேலணிந்த ஆடை மட்டுமே. எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வாடை கழன்றுவிடும். அகரவரிசைப்படுத்தலும் தேடலும் இடர்ப்படும். ஒருங்குறியோ 1991 ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் அளித்தது. விண்டோஸ் 2000 இயங்குதளம் ‘லதா’ எழுத்துருவுடன் அவ்விடத்தைப் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தது.

இவ்வாறிருந்தும் வினாத்தாள், கடிதம், அழைப்பிதழ் முதலியவற்றில் பாமினி நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம் யாது? பழக்கம் என்பர் சிலர். பழக்கம் ஒரு காரணமே, முழுக்காரணமன்று. பாமினி ஒரேயொரு சிறு கோப்பாக வழங்கியது. அதனை எழுத்துருக் கோப்புறையிற் பிரதிசெய்தாற் போதும், நிறுவுதல் முடிந்தது. அந்நாளைய கணினிகளிற் பெரும்பாலோர் நிருவாகி உரிமையுடனேயே பணியாற்றியமையால் இதற்குத் தடையும் இருக்கவில்லை. ஒருங்குறித் தமிழோ விண்டோஸ் எக்ஸ்பியிற் செம்மையாகத் தோன்றவேண்டுமாயின், மொழித் தெரிவுப் பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய கோப்புகளை நிறுவும்படி பணிக்கவேண்டும். அவ்வேளை கணினி விண்டோஸின் மூல இறுவட்டைக் கேட்கும். தோட்டப்பாடசாலையின் அலுமாரியில் அவ்விறுவட்டு எங்ஙனம் இருக்கும்? உயர்ந்த முறை வாயிலில் நிற்க, தாழ்ந்த முறை உள்ளே புகுந்து அமர்ந்தது. 2007 இல் விஸ்டா பொதுவிற்பனைக்கு வந்தபின்னரே இவ்வாதரவு தானாக அமைந்தது. எக்ஸ்பிக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்த பொது ஆதரவு 2014 ஏப்ரல் 8 ஆம் நாள்வரை நீடித்தமையை நோக்கின், இவ்விடர் எத்துணைக் காலம் எளிய பாடசாலைகளைத் தொடர்ந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

இவ்விடரை உணர்ந்து செயற்பட்டோரும் இருந்தனர். ‘தமிழா!’ குழுவினரின் எ-கலப்பை, தொடக்கத்தில் டவல்டெசொப்ட் நிறுவனத்தின் கீமான் என்னும் விசைப்பலகைப் பொறியையும் தமிழ் விசையமைப்புகளையும் ஒரே நிறுவியுட் பொதிந்து தந்தது. இரண்டினைத் தனித்தனியே தேடவேண்டிய இடர் நீங்கியது. சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் வெளியிட்ட என்.எச்.எம். எழுதி, அளவிற் சிறிய நிறுவியாக வந்ததோடு, மூல இறுவட்டைத் தேடாமலே இந்திய மொழி ஆதரவை ஏற்படுத்தித் தந்தது. இவற்றின் விசையமைப்புச் சிறப்பைப் பேசுவோர் பலர். பொதியமைப்புச் சிறப்பைப் பேசுவோர் அரியர். உண்மையில் இறுவட்டு இல்லாதவனை மனத்திற்கொண்டு பொதிந்த அச்செயலே அவற்றின் தலையாய திறன் எனலாம்.

பாயிரம் தரும் அளவை

வடிவங்களை மதிப்பிட ஓர் அளவை வேண்டும். அதனை அயலிடத்தே தேடவேண்டுவதில்லை. நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு இலக்கணம் வகுத்தார்: நூலைச் செய்தவன் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், அமைந்த யாப்பு, கூறும் பொருள், கேட்போர், பயன் என்பன அவை. கற்கத் தொடங்குமுன் மாணாக்கன் அறியவேண்டுவன இவையே. நிறுவியொன்றைத் திறக்குமுன் பயன்படுத்துவோன் அறியவேண்டுவனவும் இவையே. செய்தவன் யார் என்பதற்கு இலக்கமுறைக் கையொப்பம் விடைதரும். எந்த இயங்குதளத்தில் ஓடும் என்பது எல்லை. வேறெவற்றைச் சார்ந்து நிற்கும் என்பது யாப்பு. எம்மொழியாளருக்கு என்பது கேட்போர். இவ்வெட்டனுள் செய்தோன், வழி, யாப்பு, கேட்போர் என்னும் நான்கும் இம்மதிப்பீட்டிற்குச் சிறப்பாக வேண்டப்படுவன.

ஈ.எக்ஸ்.ஈ. வடிவம்

விண்டோஸ் உலகில் மிகப் பரந்து வழங்குவது, தன்னைத்தானே விரித்துக்கொள்ளும் ஈ.எக்ஸ்.ஈ. கோப்பாகும். 1997 இல் ஜோர்டன் ரஸல் வெளியிட்ட இன்னோ செற்றப், வினாம்ப் இசைப்பானை உருவாக்கிய நல்சொப்ட் நிறுவனத்திற் பிறந்த என்.எஸ்.ஐ.எஸ். ஆகிய கருவிகளால் இத்தகைய நிறுவிகள் ஆக்கப்படுகின்றன. யாப்பு நோக்கில் இது பாராட்டத்தக்கது: வேண்டிய யாவும் ஒரு கோப்பினுள் நெருக்கமாகச் சுருக்கப்பட்டிருக்கும், சொடுக்கினால் வினாக்கள் சிலவற்றோடு வேலை முடியும். ஆக்குவோன் விரும்பின், நிருவாகி உரிமை வேண்டாமலே பயனருடைய சொந்தக் கோப்புறையில் நிறுவுமாறும் அமைக்கலாம்.

குறை எங்குளது? செய்தோன் யார் என்னும் இடத்திலேயே. இவ்வடிவம் படிக்கப்படுவதன்று, ஏவப்படுவது; உள்ளிருப்பது இன்னதென்று அறியுமுன்னரே அது செயற்படத் தொடங்கிவிடும். பென் டிரைவின்வழிப் பரவி ஈ.எக்ஸ்.ஈ. கோப்புகளைத் தொற்றும் நச்சுநிரல்கள் உள. 2003 அளவில் அறியப்பட்ட சாலிற்றி அவற்றுள் ஒன்று. ஒரு கணினியிலிருந்து மற்றொன்றிற்குக் கைம்மாறிச் செல்லுங் கோப்பு வழியிலே தீண்டப்படுமாயின், கையொப்பமுடையது சிதைந்தமை தெரியவரும். கையொப்பமற்றது தூயதுபோலவே தோன்றும்.

இங்கு நுண்ணிய இடரொன்றும் உளது. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பினை விண்டோஸ் தனியடையாளமிட்டு வைத்து, ஏவும்போது எச்சரிக்கிறது. அவ்வடையாளம் என்.ரி.எஃப்.எஸ். கோப்புமுறையிலேயே தங்கும், பென் டிரைவுகளில் வழங்கும் ஃபாற்-32 முறையில் தங்காது. நகரத்தில் இறக்கி விரலளவுக் கருவியில் தோட்டத்துக்குக் கொணரும்போது எச்சரிக்கை வழியிலேயே உதிர்ந்துவிடும். காவல் மிகுதியாக வேண்டப்படும் வழியிற் காவல் இல்லாமற் போகிறது.

இவ்வகையுள் மிகக் கண்டிக்கத்தக்கது, ‘இணையநிறுவி’ எனப்படும் சிறு கோப்பு. அது நிறுவியன்று, நிறுவியை இணையத்திலிருந்து வருவிக்கும் தூதனே. நகரத்தில் ஒருமுறை இறக்கி, ஐந்து கணினிகளுக்குப் பகிரலாமெனக் கருதிய ஆசிரியர், இணையமற்ற அறையில் அதனைச் சொடுக்கியபோதே வெறுங்கையராவார். குரோம் உலாவிக்கு இணையமின்றி நிறுவத்தக்க முழுப்பொதியும் உண்டு. ஆயினும் பதிவிறக்கப் பக்கத்தில் முன்னிற்பது தூதனே. முழுப்பொதி தேடுவார்க்கே கிட்டும்.

எம்.எஸ்.ஐ. வடிவம்

1999 இல் ஆபிஸ் 2000 உடன் மைக்ரோசொப்ட் அறிமுகப்படுத்திய எம்.எஸ்.ஐ., ஏவற்கோப்பன்று, எந்தக் கோப்பு எங்கே செல்லவேண்டும் என்பதை அட்டவணைகளாகக் கொண்ட ஒரு தரவுத்தளம். அதனைப் படித்துச் செயற்படுத்துவது இயங்குதளத்திலுள்ள சேவையே. ஆதலின் உள்ளீட்டை முன்னரே ஆராயலாம். நூறு கணினிகளில் வினாவின்றி ஒருங்கே நிறுவலாம். இடையில் முறிந்தாற் பழைய நிலைக்கு மீட்கலாம். இறுதியிற் கூறிய பண்பு சிறுமையுடையதன்று. மழையும் இடியும் மிக்க இரத்தினபுரி மலைகளில் மின்சாரம் முன்னறிவித்தலின்றி நிற்பது இயல்பு. 2022 மார்ச் இறுதியில் நாடுமுழுவதும் நாளொன்றுக்குப் 13 மணிநேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதும் நினைவுகூரத்தக்கது. பாதியில் நின்ற நிறுவுதல் கணினியைப் பாழாக்காதிருத்தல் அத்தகைய இடத்திற் பெரும்பயன்.

ஆயினும் எம்.எஸ்.ஐ. அலுவலகத்துக்காகப் பிறந்த வடிவம். வழங்கியும் வலையமைப்பும் அவற்றைப் பேணுவாரும் உள்ள இடத்திலேயே அதன் முழுத்திறனும் விளங்கும். நான்கைந்து கணினிகளைக் கொண்ட அறையில் அது பயனுடைய விருந்தாளி, அன்றாட உறவினனன்று.

ஸிப் வடிவம்

1989 இல் பில் காற்ஸ் தோற்றுவித்த ஸிப், எளிமையிற் சிறந்தது. தொகுத்தலும் விரித்தலுமே அதன் தொழில். நிறுவுதல் வேண்டா, விரித்த கோப்புறையிலிருந்தே மென்பொருள் இயங்கும், வேண்டாதபோது கோப்புறையை நீக்கினால் எச்சமின்றி அகலும். நிருவாகிக் கடவுச்சொல் வலயக் கல்வி அலுவலகத்தில் இருக்க, கணினி தோட்டத்தில் இருக்கும் நிலையில் இவ்வியல்பு பெரிதும் உதவும். ஒவ்வோர் உட்கோப்புக்கும் பிழைகாண் எண் உண்டாகலின், பழுதுற்ற பிரதி விரிக்கும்போதே தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆயின் அவ்வெண் தற்செயற் பழுதையே காட்டும். வேண்டுமென்றே செய்த மாற்றத்தைக் காட்டாது.

தமிழர்க்கு இதில் தனிக்குறை ஒன்றுண்டு. ஸிப்பின் ஆதி வரையறை கோப்புப் பெயர்களுக்குப் பழைய ஐ.பி.எம். 437 குறியீட்டையே கருதியது, யூ.ரி.எஃப்.-8 பெயர்களுக்கு உரிய குறி 2006 இலேயே வரையறையிற் சேர்ந்தது. பழைய கருவியால் விரித்தபோது ‘முதலில் படிக்கவும்’ என்னும் கோப்பு பொருளற்ற குறிகளாகத் தோன்றியது இதனாலேயாம். மேலும், கற்போர் பலர் ஸிப்பை விரியாமலே அதனுள்ளிருக்கும் நிரலைச் சொடுக்குவர். துணைக்கோப்புகள் உடன்வாராமையின் அது பிழைகூறி நிற்கும். இஃது அறியாமையன்று, விரித்தல் வேண்டுமென்று அவர்க்குத் தமிழில் ஒருவரும் கூறாமையே.

லினக்ஸ் பொதிகள்

உரிமக் கட்டணமில்லா லினக்ஸ் ஏழைப் பாடசாலைகளுக்கு உகந்ததென்பர். இலங்கையிற் பிறந்த ஹந்தான லினக்ஸ் சிங்களத்தையும் தமிழையும் கருத்திற்கொண்டு எழுந்த முயற்சியாகப் போற்றத்தக்கது. ஆயின் பொதிவடிவம் நோக்கின் ஒரு முரண் புலப்படும். டெபியன் வழிவந்த டெப், ரெட் ஹற் வழிவந்த ஆர்.பி.எம். ஆகிய இரண்டும் யாப்பை மறைவின்றிக் கூறுவன: எப்பொதி எதனைச் சார்ந்தது என்பது உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அந்நேர்மையே இணையமற்ற இடத்திற் சுமையாகிறது. ஒரு பொதியைக் கொணர்ந்தால், அது சாரும் வேறு பல பொதிகளைக் கேட்கும். அவை களஞ்சியத்தில் உள. களஞ்சியம் இணையத்தில் உளது. யாவற்றையும் ஒரு கோப்பில் அடக்கும் அப்இமேஜ் இவ்விடரைத் தீர்க்கும், விலை, பருமன். இயங்குதளம் முழுவதையும் ஐ.எஸ்.ஓ. வட்டுப்படிமமாக வழங்குதலும் ஒரு வழியே; எனினும் ஃபாற்-32 பென் டிரைவில் 4 ஜிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக்கோப்பு அடங்காதென்பதை வழங்குவோர் மறத்தலாகாது.

கைபேசியும் பிளவுபட்ட பொதியும்

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைபேசிக்குப் பெயர்ந்தன. இலயன் வீட்டிற் கணினி இல்லை. பலவிடங்களில் ஒரு கைபேசியே குடும்பமனைத்துக்கும். கணினிபற்றிய முற்கூறிய வினாக்கள் யாவும் இப்போது இச்சிறுகருவிமேல் வந்து நிற்கின்றன.

ஆண்ட்ரொய்டு செயலிகள் நெடுங்காலம் ஏ.பி.கே. என்னும் ஒரே கோப்பாக வழங்கின. அடிப்படையில் அதுவும் ஸிப்பே, கையொப்பமுடைய ஸிப். ஒருவர் இறக்கியதை மற்றவர்க்கு டேட்டாச் செலவின்றிப் பகிரலாம். வழியில் மாற்றப்பட்டிருப்பின் கையொப்பம் பொருந்தாமையால் கருவி ஏற்க மறுக்கும். செய்தோன், வழி, யாப்பு என்னும் மூன்றாலும் தோட்டத்துக்கு இதனினும் பொருந்திய வடிவத்தைக் காண்டல் அரிது.

2021 ஓகஸ்ற் முதல் கூகுள் பிளே களம் புதிய செயலிகளை ஏ.ஏ.பி. என்னும் தொகுதி வடிவிலேயே ஏற்கிறது. அத்தொகுதியிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் வேண்டிய துண்டுகளை மட்டும் களம் பிரித்து அனுப்பும். பதிவிறக்கம் சிறிதாகும், செலவு குறையும். இந்நன்மை மறுக்கற்பாலதன்று, டேட்டாவை அளந்து வாங்கும் குடும்பத்துக்கு அஃது உண்மையான உதவியே.

ஆயின் மறுபக்கமும் உளது. துண்டுகளாக வந்த செயலியின் முதற்கோப்பை மட்டும் பிரதிசெய்து அயலவர்க்கு அளித்தால் அது பெரும்பாலும் இயங்காது. இதனினும் பெரிய தீங்கு மொழியைப் பற்றியது. பிரித்தனுப்பும்போது, கருவியில் தெரிவுசெய்யப்பட்டுள்ள மொழிக்குரிய சொற்கோப்புகளே இயல்பாக அனுப்பப்படும். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அமைக்கப்பட்ட கைபேசியை வாங்கி அப்படியே பயன்படுத்தும் தோட்டக் குடும்பத்துக்கு, ஆக்கியோன் உழைத்துச் செய்த தமிழ்மொழிபெயர்ப்பு கருவியை அடையாமலே போகலாம். செயலியினுள்ளே ‘தமிழ்’ என்னும் தெரிவு காணப்படினும், அதற்குரிய சொற்களைத் தனியே வருவிக்கும் ஏற்பாட்டை ஆக்கியோன் செய்யாவிடில் அத்தெரிவு வெறும்பெயரே. மொழிவாரிப் பிரிப்பை நிறுத்திவைக்கும் வசதி அவ்வடிவிலேயே உண்டு. ஆக்கியோன் ஓர் அமைப்பை மாற்றினாற் போதும். சில கிலோபைற்றுகளைச் சேமிப்பதற்காகக் கேட்போர் ஒரு பகுதியினரை இழத்தல் எவ்வாற்றானும் முறையாகாது.

முடிபு

மையக்களத்தின் வழி வழங்குதலே பாதுகாப்பென்றும், கைம்மாறும் கோப்புகள் ஆபத்தென்றும் வாதிப்போர் உளர். சாலிற்றி போன்றவற்றை நோக்கின் அவர் அச்சம் வீணன்று. எனினும் களத்தை அடையமுடியாதவனுக்குக் களத்தின் காவல் பயன்படாது. அவன் எவ்வாறேனும் கைம்மாறும் பிரதியையே நாடுவான். ஆதலின் அவ்வழியை அடைப்பதினும் அவ்வழிக்குக் காவலிடுவதே அறிவுடைமை.

இம்மதிப்பீட்டினின்று பெறப்படுவன வருமாறு. தமிழ்ப் பயனரை நோக்கிய மென்பொருள் எதுவாயினும், இணையம் வேண்டாது நிறைவாக நிறுவத்தக்க ஒரே கோப்பு முதலாவதாக வழங்கப்படவேண்டும். தூதன் வேண்டுவார்க்கு இரண்டாவதாக இருக்கலாம். விண்டோஸுக்குக் கையொப்பமிட்ட, நிருவாகி உரிமை வேண்டாத ஈ.எக்ஸ்.ஈ.யும், விரித்தவுடன் இயங்கும் ஸிப்பும் ஒருங்கே தரப்படின் பெரும்பாலான இடர்கள் தீரும். பல கணினிகளைப் பேணுவார்க்கு எம்.எஸ்.ஐ. தரலாம். கைபேசிக்கு மொழிபிரியாத தொகுதியும், அதனோடு கையொப்பமிட்ட முழு ஏ.பி.கே.யும் வேண்டும். ஒவ்வொன்றினோடும் எட்டுப் பொருளையும் தமிழிற் கூறும் ஒருபக்கப் பாயிரமும், ஷா-256 முறையிற் கணித்த 64 குறிகள் கொண்ட சரிபார்ப்புத் தொடரும் அமைதல் வேண்டும். அத்தொடரைத் தாளில் அச்சிட்டு அறைச்சுவரில் ஒட்டலாம். தொலைபேசியில் வாசித்தும் ஒப்பிடலாம். அதற்கு இணையம் வேண்டா.

இவற்றுள் எதுவும் பெரும்பொருட்செலவு உடையதன்று. இரத்தினபுரி மாவட்டத்தின் பெலிஹுல்ஓயாவிலேயே சப்ரகமுவப் பல்கலைக்கழகம் உளது; நாடெங்கும் கணினி கற்ற தமிழ் இளைஞர் உளர்; அவருட் பலர் இத்தகைய கல்லூரிகளின் பழைய மாணவர். தோட்டப்பாடசாலைகளுக்கு வேண்டிய மென்பொருள்களை ஆராய்ந்து, சரிபார்த்து, ஆண்டுக்கொருமுறை ஒரு பென் டிரைவில் தொகுத்து அனுப்புதல் அவர்க்கு விடுமுறைக்காலப் பணியாக அமையக்கூடியதே.

பாமினி நிலைத்ததும் ஒருங்குறி பிந்தியதும் காட்டுவது ஒன்றே: தரத்தாற் சிறந்தது தானே பரவுமென்று இருத்தலாகாது. தெரணியகலைத் தோட்டத்துப் பிள்ளை தன் பெயரைத் திரையில் தமிழிற் காண்பதும் காணாதொழிவதும், அவள் ஒருபோதும் அறியாத ஒருவர் தொலைநகரில் நிறுவியின் வடிவத்தைத் தெரிந்த அந்நாளிலே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. தெரிவோர் அவளையும் கேட்போருள் ஒருத்தியாக எண்ணித் தெரிதல் கடன்.